பெங்களூரில் காய்ச்சி பெங்களூரிலேயே குடிக்கும் பீர்

அல்சூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

2012இல் ஒரு ஞாயிறு பிற்பகல். இந்திராநகர் நூறடிச் சாலையில் இருக்கும் டாய்ட் என்ற பீர் விடுதிக்கு அலுவலக நண்பர்கள் என்னை இழுத்துச் சென்றார்கள். அதுவரை எனக்குப் பீர் என்றால் நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிரவைத்து, ருசி தெரிவதற்குள் விழுங்கவேண்டிய மஞ்சள் திரவம்தான். அன்று உயரமான கண்ணாடிக் குவளையில் கலங்கலாக ஒன்று வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வாழைப்பழ வாசம்! பூவன் பழம் அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால் கூடமெல்லாம் ஒரு வாசம் பரவுமே, அதே வாசம். அதன் பின்னால் மெல்லக் கிராம்பு. பழம் ஏதாவது கலந்திருக்கிறீர்களா என்று பரிமாறியவரிடம் கேட்டேன். ஒன்றும் கலக்கவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை என்றார். அன்றிரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஈஸ்ட்டைப் பற்றிப் படித்தேன்.

அந்தப் பீருக்கு ஹெஃபேவைசன் என்று பெயர். ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தது. அதில் பாதிக்கு மேல் கோதுமை. அதற்கென்று இருக்கும் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்னும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு வாசம் தருவதும் அதே பொருள்தான். பழம் இல்லாமலே பழ வாசம் வருகிறது என்று தெரிந்த அந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊர் வேறு ஊராகிவிட்டது.

நான் அல்சூரில் பிறந்தவன். 1809இல் வெள்ளையர்கள் இங்கே தண்டு (ராணுவக் குடியிருப்பு) அமைத்தபோது மதராஸ் மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் வழி எங்கள் குடும்பம். அந்தத் தண்டுதான் பீரையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக்கி யுனைட்டெட் பிரூவரீஸைத் தொடங்கினார். பிற்பாடு கிங்ஃபிஷரால் பெயர் பெற்ற அதே நிறுவனம். ஆகவே பீர் இங்கே நேற்று வந்த நாகரிகம் அல்ல. ஆனால் பல பத்தாண்டுகளாக அது பெரும்பாலும் ஒரே வகையாக, குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் லாகராகவே இருந்தது. 2010ஐ ஒட்டி மைக்ரோபிரூவரிகள் (அங்கேயே சிறிய அளவில் காய்ச்சி ஊற்றும் விடுதிகள்) வந்த பிறகுதான் பீருக்குள் இத்தனை வகைகள் இருக்கின்றன என்பதை ஊர் கண்டுகொண்டது.

எனக்கு நெருக்கமானவற்றைச் சொல்கிறேன். டாய்ட்டில் பாசுமதி அரிசி சேர்த்த பிளாண்ட் ஏல் (வெளிர்நிறப் பீர்) உண்டு. மக்ராத் சாலையில் ஆர்பர் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் 1995இல் தொடங்கிய ஆலையின் இந்தியக் கிளை, 2012இல் இங்கே வந்தது. அவர்களின் ‘ரேஜிங் எலிஃபண்ட்’ ஐபிஏ (‘இந்தியா பேல் ஏல்’ என்ற கசப்பு வகை) கசப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது. பாகற்காயைப் பிடிக்கவைத்த அம்மாவுக்கு அடுத்தபடியாக என்றே சொல்வேன். வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ்: பீர், நூலகம், ஜாஸ் இசைமேடை மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தப் பீர் பயணம் செய்யக்கூடாது. வடிகட்டாமல், பாஸ்சரைஸ் செய்யாமல் தொட்டியிலிருந்து நேராகக் குழாய்க்கு வருகிறது. அதன் உயிர் அதில்தான் இருக்கிறது. அன்று அரைத்த மாவில் ஊற்றிய இட்லிக்கும் பொட்டலத்தில் அடைத்து வருவதற்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

நீங்கள் எங்கே, எதைக் குடித்தீர்கள்? எது பிடித்தது, எது பிடிக்கவில்லை? எழுதுங்கள். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்கள் மட்டும்.

---

கோவைப்பயணி

நண்பரே, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் நிலைமை வேறு. டாஸ்மாக் கடையில் நின்றால் கிடைப்பது பாட்டிலில் ‘ஸ்ட்ராங்’ பீர். பெயர் மாறும், ருசி மாறாது. பெங்களூரில் ஒரு குவளைக்கு 400 ரூபாய்க்கு மேல் கொடுத்ததாக என் மைத்துனர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. அந்தப் பணத்துக்கு இங்கே இரண்டு பாட்டில் வாங்கலாம். விலைக்கு ஏற்ற வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது விளக்கு வெளிச்சத்துக்கும் நாற்காலிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோமா?

---

ஆய்வகவாசி

கோவைப்பயணியின் கேள்வி நியாயமானது. உணவு அறிவியல் படித்தவள் என்ற முறையில் ஒரு பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் வகை. ஆல்கஹால் 8 சதவீதம்வரை போகும். மக்களின் நாக்கு அதைத்தான் கேட்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல மாநிலங்களில் பீருக்கான வரி, உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவுக்கு நேராக ஏறுவதில்லை. அப்படி இருக்கும்போது ஏறக்குறைய அதே விலையில் கூடுதல் போதை தரும் பாட்டிலைத்தான் உழைத்துக் களைத்தவர் எடுப்பார். ருசியைக் கேட்கும் பழக்கமே வளரவிடாமல் போயிற்று.

மைக்ரோபிரூவரியின் கோதுமைப் பீரில் ஆல்கஹால் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். செலவு மால்ட்டிலும் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) ஹாப்ஸிலும் (கசப்பும் வாசமும் தரும் கொடிப் பூ). மால்ட்டின் கணிசமான பங்கு ஜெர்மனி, பெல்ஜியம் பக்கத்திலிருந்து வருகிறது. ஹாப்ஸ் கொடி இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது, மற்றபடி இறக்குமதிதான். ஆகவே 400 ரூபாயில் நாற்காலிக்கும் பங்கு உண்டு, குவளைக்குள்ளும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

---

தொட்டியடிமேசை

நான் பெங்களூரில் ஒரு மைக்ரோபிரூவரியில் உதவிப் பிரூவராக ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஊர் வாணியம்பாடி. அல்சூர்வாசி அண்ணன் எழுதியதைப் படித்தபோது என் வேலையை யாரோ வெளியே நின்று வாஞ்சையோடு பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. உள்ளே இருப்பவன் பார்வையிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு மால்ட் அரைப்பதில் தொடங்கும். மாவாக அரைக்கக்கூடாது, உமி முழுதாக இருக்க, உள்ளே இருக்கும் பருப்பு மட்டும் உடையவேண்டும். பிறகு 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் நேரம் அது. அப்போது அந்தக் கூடத்தில் வரும் வாசம், அடுப்பில் சத்துமாவுக் கஞ்சி கொதிக்கும் வாசம். அந்த உமியே படுகையாகப் படிந்து, இனிப்பு நீரை வடிகட்டிக் கொடுக்கும். அதைக் கொதிக்கவைத்து ஹாப்ஸ் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் எங்கள் வேலை முடிந்தது. மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். நாங்கள் அதற்குச் சூடு ஏறாமல், கிருமி அண்டாமல் காவல் இருக்கிறோம். உண்மையில் என் வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். குழாய், தொட்டி, வால்வு, மறுபடியும் குழாய்.

மைக்ரோபிரூவரியில் ஏன் நல்ல லாகர் கிடைப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். கோதுமைப் பீர் 20 டிகிரியை ஒட்டி நொதிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் குழாய்க்கு வந்துவிடும். லாகருக்கு 10 டிகிரியில் மெதுவாக நொதித்து, அதன் பிறகு உறைநிலைக்கு அருகே வாரக்கணக்கில் கிடக்கவேண்டும். ஒரு தொட்டியை ஆறு வாரம் அது பிடித்துக்கொண்டால் வாரக்கடைசிக் கூட்டத்துக்கு ஊற்ற எங்களிடம் பீர் இருக்காது. நம் ஊர் கோதுமைப் பீர் ஊராக ஆனதற்கு ருசி ஒரு காரணம் என்றால் தொட்டிக் கணக்கு இன்னொரு காரணம்.

ஒரு முறை 1000 லிட்டரைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறோம். வெண்ணெய் வாசம் ஏறிவிட்டது. டையசிட்டைல் என்பார்கள், பாப்கார்னுக்கு நன்றாக இருக்கும் வாசம் பீரில் வந்தால் குற்றம். ஏதோ ஒரு மூலையில் கழுவல் சரியாக இல்லை. எங்கள் தலைமைப் பிரூவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வால்வைத் திறந்துவிட்டுக் கடைசிச் சொட்டுவரை பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன்.

---

நெலமங்கலத்தார்

தொட்டியடிமேசை தம்பிக்கு வணக்கம். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2024 மார்ச்சில் எங்கள் அடுக்ககத்தில் டேங்கர் லாரிக்காக இரவு பதினொரு மணிக்குக் காத்திருந்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த ஊரில்தானே பீரும் காய்ச்சுகிறார்கள்? இதை ரசிகர்கள் தாண்டிப் போகக்கூடாது.

---

தொட்டியடிமேசை

ஐயா, தாண்டவில்லை. பெரிய ஆலைகள் ஒரு லிட்டர் பீருக்குச் சில லிட்டர் தண்ணீரில் முடித்துவிடுகின்றன. எங்களைப் போன்ற சிறிய இடங்களில் அதைவிட அதிகம் செலவாகும். நான் சொன்ன கழுவல்தான் காரணம். அந்தக் கோடையில் குளிர்விக்கும் நீரைப் பிடித்துவைத்து அடுத்த நாள் பீர் காய்ச்சவும் தரை கழுவவும் பயன்படுத்தத் தொடங்கினோம். முன்பே செய்திருக்கவேண்டியது. இன்னும் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது.

சக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடித்த மால்ட் சக்கையை ஹொஸ்கோட்டே பக்கத்திலிருந்து ஒரு மாட்டுக்காரர் வந்து எடுத்துப்போகிறார். ஈரத்தோடு ஒரு நாள் கிடந்தால் புளித்துவிடும், ஆகவே அன்றன்றே வந்துவிடுவார். மாடுகள் சுவைத்துத் தின்னும் என்கிறார்.

---

மலைச்சாரல்

நான் இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அண்ணனைக் குடியால் இழந்தோம். அவருக்கு 41 வயது. மால்ட், ஹாப்ஸ், வாழைப்பழ வாசம் என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு மருத்துவமனை வராந்தாதான் நினைவுக்கு வருகிறது. உங்களை யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ‘ரசனை’ என்ற சொல்லால் இதை மூடிவிடாதீர்கள். ரசனையில் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

---

அல்சூர்வாசி

சகோதரி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன். உங்களுக்கு எதிராக வாதம் எதுவும் என்னிடம் இல்லை. ஆல்கஹால் ஆல்கஹால்தான், 5 சதவீதம் என்றாலும் கைப்பக்குவத்தில் காய்ச்சியது என்றாலும் உடம்புக்கு அது வேறாகத் தெரியாது. என் பெரியப்பாவும் அந்த வழியில் போனவர். எங்கள் வீட்டில் இன்றுவரை பாட்டில் வாங்கி வைப்பதில்லை. நான் மாதத்துக்கு இரண்டு முறை வெளியே போகிறேன், இரண்டு குவளையோடு எழுந்துவிடுகிறேன். அது எல்லோராலும் முடியும் என்று சொல்லமாட்டேன். குடிக்காதவர் யாரையும் இந்த இழை குடிக்க அழைக்கவில்லை என்பதை முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்கவேண்டும். இப்போது எழுதுகிறேன்.

---

ஏட்டுச்சுவடி

கேழ்வரகுப் பீரைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். கர்நாடகத்தின் உயிர்த் தானியம் ராகி. அதைச் சேர்த்துச் சில இடங்களில் காய்ச்சுகிறார்கள். நான் குடித்தது இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறத்தில், சற்றே மண்வாசத்தோடு இருந்தது. இதைப் புதுமை என்று பலகையில் எழுதி வைக்கிறார்கள். புதுமை இல்லை. சிக்கிமிலும் நேபாளத்திலும் கேழ்வரகைப் புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். அதற்குத் தோங்பா என்று பெயர்.

நம்மிடமும் உண்டு. சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் (மீனவர்) குடியிருப்பைப் பற்றிய பகுதியை எடுத்துப் பாருங்கள். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அரித்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுப்பார்கள் என்று பாணனுக்கு வழி சொல்கிறார் உருத்திரங்கண்ணனார். நெல்முளை என்ற இடத்தில் நின்று யோசியுங்கள். முளைவிட்ட தானியம் மாவைச் சர்க்கரையாக்கும். தம்பி தொட்டியடிமேசை காலை ஆறு மணிக்கு அரைக்கும் மால்ட் அதுதான். கள்ளும் சாராயமும் தவிர நமக்கு வேறொன்று தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டிலே சமைத்த அரிசிப் பானத்துக்கு அந்தப் பாட்டு தோப்பி என்றே பெயர் தருகிறது. அரிசியில் சமைத்த பீர் என்று அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

---

தொட்டியடிமேசை

ஐயா, இதைப் படித்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பகல், இரண்டு இரவு என்ற கணக்கு மிகச் சரி. நம் வெப்பத்தில் முதல் வேகமான நொதித்தல் அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும். களியை ஆறவைக்கச் சொல்வதும் சரி: கொதிக்கக் கொதிக்க முளையைக் கலந்தால் அதன் நொதி செத்துவிடும். காய்ச்சிப் பார்த்தவர் சொன்னது இது.

கேழ்வரகில் ஒரு சிக்கல் உண்டு. பார்லிக்கு இருப்பது போன்ற உமி அதற்கு இல்லை. நிறையப் போட்டால் தொட்டி களியாக இறுகி, வடிவதே நின்றுவிடும். பார்லி மால்ட்டோடு ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நாங்கள் சேர்க்கிறோம். முளைகட்டி, காயவைத்து, இலேசாக வறுத்துச் சேர்த்தால் அந்த மண்வாசம் தெளிவாக எழும்.

---

நுவரெலியாத்தமிழ்

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் மலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே பியர் ஆலை வந்துவிட்டது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தொடங்கிய முயற்சி அது. லயன் ஸ்டவுட் (வறுத்த மால்ட்டில் காய்ச்சும் பியர்) அந்த வழியில் வந்தது. ஆல்கஹால் 8.8 சதவீதம், கறுப்பு, கருகிய பாணி (பாகு) வாசமும் கோப்பியும் சேர்ந்த ருசி. பியரைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், இங்கிலாந்து எழுத்தாளர்) எங்கள் மலைக்கு வந்து இதைக் குடித்து மனமாரப் பாராட்டினார். வெப்ப நாட்டில் கறுப்புப் பியரா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பிறகு ஆலை மலையிலிருந்து கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கிவிட்டது. என் அப்பாவுக்கு அதில் இன்றும் வருத்தம். பெங்களூரில் ஸ்டவுட் எப்படி இருக்கிறது?

---

அல்சூர்வாசி

நன்றாக இருக்கிறது. டாய்ட்டில் நைட்ரஜன் ஏற்றிய ஸ்டவுட் உண்டு. நுரை வெண்ணெய் போல நிற்கும், குமிழிகள் குவளையில் மேலிருந்து கீழ்நோக்கி அலையலையாக இறங்கும். ஆனால் உங்கள் லயன் ஸ்டவுட்டின் கனம் அதற்கு இல்லை. ஒருமுறை கொழும்பு போன நண்பர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். பீர் பயணம் செய்யக்கூடாது என்று முதல் பதிவில் எழுதினேன் அல்லவா? கறுப்பு ஸ்டவுட்டுக்கு மட்டும் அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆல்கஹாலும் வறுத்த மால்ட்டும் அதைக் காக்கின்றன.

ஐபிஏவின் கதையும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் நம் கரைக்குப் பீர் வந்தது. மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டார்கள். பெயரில் இந்தியாவை வைத்துக்கொண்டு உலகம் சுற்றிய பீர், இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து அமெரிக்கா வழியாக மக்ராத் சாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை முதல்முறை குடித்தபோது எனக்குள் ஏதோ ஒரு கணக்கு நேரானது போல இருந்தது.

---

பாகலூர்க்காரி

பெண்கள் தனியாகப் போய் உட்காரமுடியும் என்பதை யாரும் எழுதவில்லை. எங்கள் ஓசூர்ப் பக்கம் ஒரு கடையில் நான் நிற்பதையே நினைத்துப் பார்க்கமுடியாது. பெங்களூரில் நானும் என் சின்னம்மா மகளும் மேசை போட்டு உட்கார்ந்து, மூன்று மணிநேரம் பேசி, ஆளுக்கு ஒரு விட்பியர் (பெல்ஜியக் கோதுமைப் பீர்) குடித்துவிட்டு வந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று மணிநேரத்துக்காக நான் 400 ரூபாய் கொடுப்பேன். விட்பியரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். முதல் மிடறிலேயே “ரசம்!” என்றாள் அவள்.

---

கோவைப்பயணி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உதய் எக்ஸ்பிரஸில் பெங்களூர் வந்தேன். அல்சூர்வாசி மெட்ரோ நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனார். பாகலூர்க்காரி சொன்னது சரி: பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, மகள், பேத்தி மூவரும் இருந்தார்கள். பாட்டிக்கு எலுமிச்சைச் சாறு.

ஆறு சிறிய குவளைகள் ஒரே பலகையில் வந்தன. குளிர் போகட்டும், ஐந்து நிமிடம் பொறுங்கள் என்றார் அல்சூர்வாசி. எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பிறகு புரிந்தது, குளிர் இறங்க இறங்க வாசம் ஏறுகிறது. கோதுமைப் பீரில் அந்த வாழைப்பழத்தை நானே கண்டுபிடித்தேன். பூவன் இல்லை, எனக்கு நேந்திரம் போல இருந்தது. ஸ்டவுட் பிடித்தது. ஐபிஏ பிடிக்கவில்லை, பாகற்காய் எனக்கும் பிடிக்கும், ஆனால் இது வேப்பங்கொழுந்து. கேழ்வரகு அன்று குழாயில் இல்லை.

விலையைப் பற்றிய என் கருத்தில் பாதி மாறியிருக்கிறது, பாதி மாறவில்லை. மாத வருமானத்தில் கணக்குப் பார்த்துச் செலவு செய்பவனுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்துதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அன்று நான் குடித்தது எல்லாம் சேர்த்து ஒரு பாட்டிலுக்குக் கொஞ்சம் கூட. ஆனால் இரண்டரை மணிநேரம் ஆயிற்று.

---

தொட்டியடிமேசை

கேழ்வரகு கிடைக்கவில்லை என்று வருந்தவேண்டாம் அண்ணா. வியாழக்கிழமை எங்களிடம் புதுத் தொட்டி போட்டிருக்கிறோம். மூன்று வாரத்தில் குழாய்க்கு வரும். ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதை எங்கள் தலைமைப் பிரூவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மங்களூர்க்காரர். கேட்டுவிட்டு, அரிசிக் களியும் நெல்முளையும் வைத்து இருபது லிட்டர் மட்டும் சோதனைக்குப் போட்டுப் பார்க்கலாமா என்கிறார். நெல்லை முளைகட்ட ஊறவைத்திருக்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி

தம்பி, முளை எத்தனை நாள் விடப்போகிறீர்கள்? மீன் நான் கொண்டுவருகிறேன்.